இருளின் மேல் ஏற்றிய பழி

அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்து மான்ட்ரோஸ் குடியிருப்பின் நடுவே, சுவரில் ஒரு சாளரமும் இல்லாமல் எண்கோண வடிவில் நிற்கும் செங்கற் கட்டடமான ரோத்கோ ஆலயத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வழியாகச் சென்று ஒரே முடிவில் வந்து நிற்கிறார்கள். உள்ளே தொங்கும் பதினான்கு பெரிய ஓவியங்களும் ஏறக்குறையக் கருமையாக இருக்கின்றன என்பார்கள்; அவற்றைத் தீட்டிய மார்க் ரோத்கோ, ஆலயம் திறக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1970 பிப்ரவரி 25ஆம் தேதி, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பார்கள்; இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, முன்னதற்குப் பின்னதே காரணம் என்பதை நிரூபிக்கவேண்டிய அவசியமே இல்லை என்பதுபோல, அந்த ஓவியங்கள் ஒரு மனிதனின் நிராசை எழுதிவைத்துவிட்டுப் போன கடைசிக் கடிதம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். கலையை நேசிப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள்; நவீன ஓவியம் என்றாலே முகஞ்சுளிப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். முன்னவர்கள் அனுதாபத்தோடு சொல்கிறார்கள், பின்னவர்கள் அலட்சியத்தோடு சொல்கிறார்கள் என்பது தவிர இருவர் கூற்றிலும் வேற்றுமை இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவருவதனாலேயே உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிட்ட இந்த அபிப்பிராயம் அடியோடு பிழையானது என்பதும், அது அந்த ஓவியங்களைப் பார்க்கவிடாமல் நம் கண்களைக் கட்டிவைக்கிறது என்பதும் என் கட்சி.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். ஜான் டி மெனில், டொமினிக் டி மெனில் என்னும் தம்பதியர் ஆலயம் ஒன்றுக்கான ஓவியங்களை ரோத்கோவிடம் கேட்டது 1964ஆம் ஆண்டில். அந்த ஆண்டிலேயே அவர் தொடங்கிய வேலை 1967ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அவருடைய இருதயத்துப் பெருந்தமனி பழுதுற்று, சாவின் வாயில்வரை சென்று மீண்டது 1968ஆம் ஆண்டின் வசந்தத்தில். பெரிய கித்தான்களின் முன் நின்று உழைக்கலாகாது என்று மருத்துவர்கள் விதித்தது அதன் பிறகு. மனைவியைப் பிரிந்து தம் ஓவியக்கூடத்திலேயே தனித்து வாழத் தலைப்பட்டது 1969ஆம் ஆண்டில். அவருடைய இறுதி நாட்களைச் சூழ்ந்த துன்பங்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் இவை நேர்வதற்கு முன்னரே ஆலயத்து ஓவியங்கள் முடிவடைந்து, ஹூஸ்டனில் கட்டடம் எழும்பட்டும் என்று காத்திருந்தன. கட்டடம் தாமதமாயிற்று, ஓவியர் மறைந்தார், 1971 பிப்ரவரியில் கதவு திறந்தது. திறப்பு விழாவின் தேதியைச் சிருஷ்டியின் தேதியாகக் கொண்டுவிட்ட மயக்கத்திலிருந்தே இந்தக் கதை முழுவதும் முளைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. அவர் மறைந்த அதே நாளில், நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்து உணவகத்துக்கென்று 1958ஆம் ஆண்டில் தொடங்கி, பின் அந்த இடம் பிடிக்காமல் தாமே திரும்பப் பெற்றுக்கொண்ட ஓவியங்களில் ஒன்பது, லண்டன் டேட் காட்சிக்கூடத்துக்கு அவர் அளித்த கொடையாக அங்கே போய்ச் சேர்ந்தன என்பதையும் விதியின் குறிப்பாக எடுத்துச் சொல்பவர்கள் உண்டு. கப்பல் சரக்கு எந்த நாளில் கரை சேர்ந்தது என்பதைக் கொண்டு, பத்தாண்டுக்கு முன் தீட்டிய வண்ணத்துக்குப் பொருள் கூறுவது விமரிசனமாகாது.

ரோத்கோ வாழ்நாளின் பெரும்பகுதியில் மனச்சோர்வுக்கு ஆட்பட்டுவந்தவர், மதுவில் ஆறுதல் தேடியவர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த மனிதர்தான் 1950களில், ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று மிதந்து எரிவதுபோன்ற அந்தப் புகழ்பெற்ற ஓவியங்களையும் தீட்டினார். சோர்வு இருந்த காலத்தில் மஞ்சள் பிறந்ததற்கு விளக்கம் கேட்காதவர்கள், சோர்வு இருந்த காலத்தில் கருமை பிறந்ததற்கு மட்டும் அந்தச் சோர்வையே விளக்கமாக நீட்டுவது நியாயமா என்பதைச் சிந்திக்கவேண்டும். மேலும் ஒன்று. அவர் உண்மையாகவே உடைந்துபோயிருந்த 1969ஆம் ஆண்டில் காகிதத்தின் மேல் தீட்டியவற்றுள், கருமையும் சாம்பலும் கொண்டவற்றோடு கூடவே, வெளிறிய இளஞ்சிவப்பும் வானநீலமும் கொண்ட, கண்ணுக்கு இதமான பல படைப்புகளும் இருக்கின்றன. ஓவியனின் வண்ணத்தட்டு அவன் மனத்தின் உஷ்ணமானி என்று கொள்வோமாயின், மரணத்துக்கு மிக அருகில் இருந்த மாதங்களில் அவர் மகிழ்ச்சியில் திளைத்தார் என்றல்லவா முடிவுகட்ட வேண்டியிருக்கும்? அப்படி ஒருவரும் சொல்வதில்லை. தமக்கு இசைந்த வண்ணத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதும், இசையாத வண்ணத்தை வாயிற்படியிலேயே நிறுத்திவிடுவதுமாக நடந்த விசாரணையின் தீர்ப்பையே நாம் இத்தனை காலமாக ஏற்றுவந்திருக்கிறோம்.

அந்த மூன்றாண்டு வேலை எத்தகைய சித்தநிலையில் நடந்தது என்பதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. டி மெனில் தம்பதியர் பிரான்சில் பிறந்து, யுத்தத்தின்போது அமெரிக்கா போந்து, டொமினிக்கின் தந்தைவழி ஷ்லம்பர்ஜர் எண்ணெய்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் செல்வத்தோடு ஹூஸ்டனில் நிலைத்த கத்தோலிக்கர்கள். ஆல்ப்ஸ் மலையில் அஸ்ஸி என்னும் இடத்துக் கோயிலுக்கு நவீன ஓவியர்களை அழைத்துவந்தவரும், வான்ஸ் என்னும் ஊரில் மத்தீஸ் அமைத்த சிற்றாலயத்துக்குத் துணைநின்றவருமான மரி-அலென் கூத்தூரியே என்ற டொமினிக்கத் துறவியிடம் பாடங்கேட்டவர்கள். அவர்கள் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கென்று முதலில் திட்டமிட்ட ஆலயத்துக்கு, ருஷ்யப் பேரரசின் த்வின்ஸ்க் நகரில் 1903ஆம் ஆண்டு யூதக் குடும்பத்தில் பிறந்து, யூத வேதபாடசாலையில் பயின்று, பத்து வயதில் கடல் கடந்துவந்த ஒருவரை அழைத்தார்கள். அழைப்பை ஏற்றவர் அதை எப்படி உணர்ந்தார்? 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் காரியத்தின் மகத்துவம் தாம் முன்னர் எண்ணியிருந்த எல்லாவற்றையும் விஞ்சி நிற்கிறது என்றும், தம்மால் இயலும் என்று தாம் கருதியிருந்த எல்லைக்கு அப்பால் தம்மை நீட்டிக்கொள்ள அது தமக்குக் கற்பிக்கிறது என்றும் சொல்லி நன்றி பாராட்டுகிறார். அறுபது வயதைக் கடந்த ஒரு கலைஞன், தன் ஆற்றலின் எல்லை விரிவதைக் கண்டு வியந்து எழுதும் இந்த வாக்கியங்களில் நிராசையின் நிழலைக் காண்பதற்கு, அதை முன்கூட்டியே கொண்டுபோய் அங்கே வைத்திருக்கவேண்டும்.

இனி அவர் வேலை செய்த முறையைக் கவனிக்கலாம். நியூயார்க்கின் கிழக்கு 69ஆம் தெருவில், முன்பு குதிரை வண்டிகள் நிறுத்திவைத்த ஓர் உயர்ந்த கட்டடத்தை அவர் வாடகைக்கு எடுத்தார். கட்டப்போகும் எண்கோணத்தின் சுவர்களில் மூன்றை அதே அளவில் அதனுள்ளே எழுப்பினார். ஓவியங்களைக் கப்பிகளில் மாட்டி, ஏற்றவும் இறக்கவும் இடம் மாற்றவும் வகைசெய்தார். மேலே கூரைக் கண்ணாடியிலிருந்து இறங்கும் ஒளியை மட்டுப்படுத்த, அதன் கீழே ஒரு பாரசூட் துணியை விரித்துக் கட்டினார். பரப்பைப் பெரிய தூரிகைகளால் நிரப்பும் வேலையை உதவியாளர்கள் செய்தார்கள். அவர் பின்னே தள்ளி அமர்ந்து பார்த்தார், திருத்தச் சொன்னார், மறுபடியும் பார்த்தார். கருஞ்சதுரத்துக்கும் கித்தானின் விளிம்புக்கும் இடையே எத்தனை அங்குலம் விடுவது என்பதைப் பலமுறை கரிக்கோட்டால் மாற்றி மாற்றி வரைந்து, சிறு வேறுபாடுகளுக்காக நாட்கணக்கில் யோசித்தார். ஒரு மனிதன் தாங்கமுடியாத துயரத்தைக் கித்தானின் மேல் கொட்டிவிட்டு ஓய்ந்த கதைக்கும், கணக்காளனைப்போல் விளிம்பை அளந்துகொண்டு, பிறர் கையால் பூசுவித்து, கப்பியில் ஏற்றி இறக்கிச் சோதித்த இந்தப் பொறுமைக்கும் என்ன சம்பந்தம்? கொட்டிவிடுவதற்கு உதவியாளர் தேவையில்லை. முழு அளவில் சுவரும் தேவையில்லை.

அந்த வண்ணங்கள் கருமையே என்று சொல்வதும் பொருந்தாது. பதினான்கில் ஏழில் மட்டுமே கருமை இருக்கிறது. அந்த ஏழிலும் அது அரக்குச் சிவப்பு நிலத்தின் மேல் கூரிய விளிம்போடு அமைந்த செவ்வகமாக இருக்கிறதே தவிர, கித்தானை முழுதாக விழுங்கிவிடவில்லை. மற்ற ஏழும் நாவற்பழத்தின் நிறத்தை ஒட்டிய கருஞ்செந்நீலத்தால் ஆனவை. நிறப்பொடிகளை முயல்தோற் பசையில் கரைத்து அடிநிலம் பூசியிருக்கிறார். கருஞ்செவ்வகங்களுக்கோ முழு முட்டையையும் எண்ணெய் வண்ணத்தையும் கர்ப்பூரத் தைலத்தையும், நம் குங்கிலியத்துக்கு உறவான டாமர் என்னும் மரப்பிசினையும் சேர்த்துத் தாமே கலவை தயாரித்திருக்கிறார். முன்னது ஒளியை உறிஞ்சி மங்கலாக நிற்பது. பின்னது மெல்லிய பளபளப்போடு ஒளியைத் திருப்பி அனுப்புவது. இந்தக் கலவையின் கோளாறினால் பிற்காலத்தில் கருமையின் மேல் வெண்படலம் பூத்தபோது, ஓவியப் பாதுகாப்பு அறிஞரான கரோல் மன்குசி-உங்காரோ, உதவியாளர்களைத் தேடிப்போய் விசாரித்து, அந்தக் கலவைகளைச் செய்துபார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவு நுட்பமான விஷயம் அது. கருமையே தம் நோக்கமாயிருந்தால் கடையில் விற்கும் ஒரு கருமையை வாங்கிப் பூசிவிட்டு ரோத்கோ வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் விரும்பியது, ஒரு பரப்பு இன்னொரு பரப்போடு நிறத்தால் மிகச் சிறிதே வேறுபட்டு, ஒளியை ஏற்கும் தன்மையால் பெரிதும் வேறுபட்டு நிற்பதை.

இதன் பயனை, ஒரு கோணச் சுவரின் தனி ஓவியத்தின் முன் கால்மணி நேரம் நிற்பவர் எவரும் அறியலாம். ஏறக்குறையப் பதினைந்து அடி உயரமுள்ள அந்தப் பரப்பு, வெயிலிலிருந்து உள்ளே வந்த கண்ணுக்கு முதலில் ஒரு மூடிய கதவைப்போல் இருக்கும். கண் இருளுக்குப் பழகப் பழக, மேலே ஓரிடத்தில் சிவப்பு மிகுவதும், பக்கவாட்டில் நீலம் மிகுவதும், தூரிகை குறுக்கும் நெடுக்குமாகப் போன தடங்களும், மெலிந்த வண்ணம் கீழ்நோக்கி வழிந்த கோடுகளும் தெரியத் தொடங்கும். வெளியே வானத்தில் ஒரு மேகம் சூரியனைக் கடந்தால் போதும். செந்நீலம் சாம்பலாகிப் பின் மெல்லத் திரும்பி வரும். பார்ப்பவருடைய கண்ணும் ஹூஸ்டனின் வானமும் கூடி அந்த ஓவியத்தை ஒவ்வொரு நொடியும் முடித்துக்கொண்டே இருக்கின்றன. ரோத்கோ தம் பிரகாசமான ஓவியங்களை மக்கள் பார்த்தவுடனே விரும்பிவிட்டார்கள் என்பதையும், அழகிய வீட்டுச் சுவருக்கு ஏற்ற அலங்காரமாகவே அவற்றைக் கருதினார்கள் என்பதையும் நினைத்து வருந்தியவர். கண்ணை உடனே திருப்திப்படுத்தி அனுப்பிவிடாமல், அதைத் தடுத்து நிறுத்தி, தன்னைத்தானே கூர்மைப்படுத்திக்கொள்ளச் செய்யும் ஒரு வண்ண ஒழுங்கை அவர் தேடிச் சென்றார் என்பதே 1957ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட அவருடைய மாற்றத்துக்கு நான் காணும் காரணம். அது ஓவியக் கலையின் உள்ளிருந்தே எழுந்த காரணம். அதற்கு வெளியே வேறொன்றைத் தேடவேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

ஓவியங்கள் எந்தச் சுவரில் எது என்ற முறையோடு வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை இந்த அபிப்பிராயக்காரர்கள் ஏன் ஆராயவில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று. ஆலயத்தை எண்கோணமாக அமைக்கச் செய்தவர் ரோத்கோவே. வெனிஸ் நீர்ப்பரப்பில் டோர்செல்லோ என்னும் தீவிலுள்ள பழைய பேராலயத்தில், வாயிற்சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பின் பயங்கரத்தைக் காட்டும் வண்ணக்கல் சித்திரமும், எதிர்க்கோடியில் பொன்மயமான வளைவில் குழந்தையை ஏந்தித் தனித்து நிற்கும் அன்னையின் சித்திரமும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அவ்விரண்டுக்கும் இடையே ஏற்படும் இழுவிசை ரோத்கோவின் உள்ளத்தில் பதிந்ததென்றும், அதையே அவர் ஹூஸ்டனிலும் உண்டாக்க விரும்பினாரென்றும் டொமினிக் டி மெனிலின் வாயிலாக நாம் அறிகிறோம். ஆலயத்தின் அமைப்பு இதற்கு முற்றிலும் ஒத்திருக்கிறது. தெற்கே, வாயிற்புறச் சுவரில், கருஞ்செவ்வகம் கொண்ட ஒற்றை ஓவியம். வடக்கே, சற்று உள்வாங்கிய மாடத்தில், கருமையே இல்லாத, தூரிகையின் அசைவு நிறைந்த, மூன்று ஓவியங்கள் சேர்ந்த செந்நீல மும்மை. கிழக்கிலும் மேற்கிலும் நடுப்பலகை உயர்ந்து நிற்கும் கரிய மும்மைகள் இரண்டு. உள்ளே நுழைபவன் செந்நீலத்தை நோக்கி நடக்கிறான். கருமை அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பி வெளியேறும்போதுதான் அதைச் சந்திக்கிறான். தீர்ப்பும் வாக்குறுதியும் எதிரெதிரே நிற்க, அவற்றின் நடுவே மனிதனை நிறுத்தும் ஒழுங்கு இது. நாடகத்தில் அசுரன் வருகிறான் என்பதற்காக நாடகாசிரியனின் உள்ளத்தை அசுர உள்ளம் என்று நாம் சொல்வதில்லை. கருமைக்கு எதிரே வேறொன்று நிறுத்தப்பட்டிருக்கையில், கருமையை மட்டும் பிரித்தெடுத்து ஓவியனின் வாக்குமூலமாக்குவது எப்படித் தகும்?

இந்த வழக்கில் இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு சாட்சி உண்டு. அது கட்டடத்தின் கூரை. முதலில் கட்டடக் கலைஞராக அமர்த்தப்பட்டவர் ஃபிலிப் ஜான்சன். அவர் ஆலயத்தின் மேல் வானளாவும் ஒரு முடியை எழுப்ப விரும்பினார். தம் ஓவியக்கூடத்தில் இருப்பதைப்போன்ற எளிய கூரைக் கண்ணாடியே வேண்டும் என்பதில் ரோத்கோ சற்றும் தளரவில்லை. இணக்கம் ஏற்படாமல் 1967ஆம் ஆண்டில் ஜான்சன் விலகிக்கொள்ள, ஹூஸ்டனைச் சேர்ந்த ஹோவர்ட் பார்ன்ஸ்டோனும் யூஜின் ஆப்ரியும் வேலையை ஏற்று முடித்தார்கள். ரோத்கோ கேட்டபடியே கூரைக் கண்ணாடி அமைந்தது. ஆனால் அவர் கணக்கிட்டது நியூயார்க்கின் சாம்பல் பூத்த வடக்கு ஒளியை. ஹூஸ்டனில் இறங்கியதோ மெக்சிகோ வளைகுடாக் கரையின் தகிக்கும் வெயில். தரை பளீரென்று ஒளிர்ந்தது. ஓவியங்கள் கண்கூசித் தெரியாமல் போயின. வெயிலினால் நிறம் கெடும் என்ற அச்சமும் இருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1964ஆம் ஆண்டில் மாட்டிய அவருடைய சுவரோவியங்கள் பெரிய சாளரங்களின் ஒளியில் சிவப்பிழந்து வெளுத்துப்போன துயரத்தை யாவரும் அறிவர். ஆகவே 1970களின் நடுவில் முதலில் ஒரு மெல்லிய துணியை மேலே கட்டினார்கள். பிறகு கூரைக் கண்ணாடியின் கீழே அகன்ற தடுப்பு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். 1999ஆம் ஆண்டில் தொடங்கிய செப்பனிடுதலின்போது அதற்குப் பதில் வேறொரு தடுப்பை வைத்தார்கள். காப்பதற்காகவே செய்த இந்த ஏற்பாடு, மண்டபத்தின் நடுவில் ஒரு பெரிய நிழலைக் கவிழ்த்து, ஒளியை ஓரங்களுக்குத் துரத்தி, ஓவியங்களை அவற்றின் இயல்புக்கு மேல் இருளச் செய்தது.

ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் அங்கே சென்றவர்கள் கண்டது இந்த மண்டபத்தைத்தான். எழுதியதும் இந்த மண்டபத்தைப் பற்றித்தான். கல்லறையின் மங்கல் என்றும், மூச்சை அடைக்கும் கருமை என்றும் அவர்கள் வர்ணித்ததில் பொய் இல்லை. அவர்கள் கண்டதையே சொன்னார்கள். ஆனால் அந்த மங்கலில் ஒரு பங்கு ஓவியனின் உள்ளத்திலிருந்து வந்ததன்று. கூரையில் தொங்கிய தடுப்பிலிருந்து வந்தது. 2019ஆம் ஆண்டில் ஆலயத்தை மூடி, ஆர்க்கிடெக்சர் ரிசர்ச் ஆபீஸ் என்னும் கட்டடக் கலை நிறுவனத்தினரும் ஜார்ஜ் செக்ஸ்டன் என்னும் ஒளியமைப்பாளரும் சேர்ந்து, தடுப்பை அகற்றி, ஒளியைச் சுவர்களின்மேல் பரவலாகத் திருப்பும் தகடுகள் கொண்ட புதிய கூரைக் கண்ணாடியை அமைத்தார்கள். 2020 செப்டம்பரில் மீண்டும் கதவு திறந்தபோது, செந்நீலங்களின் உள்ளோட்டமும் தூரிகைத் தடங்களும் பல்லாண்டுகளாகக் காணாத தெளிவோடு வெளிப்பட்டன. மரணக் கடிதம் என்று சொல்லிவந்தவர்கள், கூரை மாறியபின் தங்கள் தீர்ப்பை மறுபரிசீலனை செய்தார்களா? பெரும்பாலோர் செய்யவில்லை. கண்ணால் கண்டதிலிருந்து பிறந்த அபிப்பிராயமாக இருந்தால், காட்சி மாறியதும் அது தானே அசைந்திருக்கும். வாழ்க்கை வரலாற்றிலிருந்து பிறந்ததனால்தான் காட்சி எப்படி மாறினாலும் அசையாமல் நிற்கிறது.

எதிர்க்கட்சியின் வலிய வாதத்தை நான் இதுவரை தொடவில்லை. ரோத்கோவே தம் ஓவியத்தின் பொருள் துன்பியலும் பரவசமும் அழிவும் போன்ற மனிதனின் அடிப்படை உணர்ச்சிகளே என்று சொன்னவர். 1958ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட் கலைப்பள்ளியில் ஆற்றிய உரையில், ஒரு கலைப்படைப்புக்கு வேண்டிய சேர்மானங்களை வரிசைப்படுத்தியபோது, மரணத்தைப் பற்றிய இடையறாத பிரக்ஞையையே முதலாவதாக வைத்தவர். இதைக் காட்டி, சாவை முதற்சரக்காகக் கொண்டவனின் கருமை சாவுதானே என்கிறார்கள். மறுமொழி அதே உரையில் இருக்கிறது. அந்த வரிசை மரணத்தோடு நின்றுவிடவில்லை. புலனின்பம், முரண், நகை, விளையாட்டு, தற்செயல் என்று நீண்டு, நம்பிக்கையில் போய் முடிகிறது. அதற்கு நூற்றில் பத்துப் பங்கு என்று அளவும் குறித்தார். முதல் உறுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசி உறுப்பை நழுவவிடுவது நேர்மையான வாசிப்பாகாது. அதைவிட முக்கியமானது, அந்த உரையிலேயே அவர், ஓவியம் என்பது தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் காரியம் என்ற கருத்தைத் திட்டவட்டமாக நிராகரித்தார் என்பது. உலகத்தைப் பற்றி இன்னொரு மனிதனுக்குச் சொல்லும் செய்தியே ஓவியம் என்பது அவர் கொள்கை. எல்லா மனிதரும் இறக்கப் பிறந்தவர்கள் என்ற உண்மையைத் தன் கலைக்கு அடித்தளமாக்குவது ஒன்று; நான் இறக்கப்போகிறேன் என்று அறிவிப்பது வேறொன்று. முன்னதைச் செய்யாத பெருங்கலைஞன் எந்த நாட்டிலும் இல்லை. பின்னதைத் தம் கலை செய்யவில்லை என்று அவரே வாயால் சொல்லியிருக்க, செய்தது என்று அவர் இறந்தபின் நாம் சாதிக்கிறோம்.

வருகைப் பதிவேட்டின் சாட்சியத்தையும் சிலர் கொணர்வார்கள். அங்கே கண்ணீர் விட்டதாகப் பலர் தம் கைப்பட எழுதியிருக்கிறார்கள். துயரம் இல்லாத இடத்தில் அழுகை ஏது என்பது வாதம். தம் ஓவியங்களின் முன் அழுபவர்கள், அவற்றைத் தீட்டும்போது தாம் அடைந்த அதே சமய அனுபவத்தையே அடைகிறார்கள் என்று 1950களிலேயே ரோத்கோ சொல்லியிருக்கிறார். அன்று அழுதவர்கள் பிரகாசமான வண்ணங்களின் முன் நின்று அழுதவர்கள். பக்தியிலும் பெருநன்றியிலும் வியப்பிலும் கண்ணீர் வருவதை அறியாத சமூகம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த மண்டபத்தை நேரில் அறிந்தவர்கள் அதை என்னவாகக் கொண்டார்கள் என்பதும் ஒரு சான்று. ரோத்கோவின் நண்பரான இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன், ஆலயத்துக்கென்றே 1971ஆம் ஆண்டில் பாடகர் குழு, வயோலா, செலஸ்டா, தாளக்கருவிகள் ஆகியவற்றுக்காக ஓர் இசைப்படைப்பை இயற்றினார். அடுத்த ஆண்டு அது அங்கேயே அரங்கேறியது. நண்பனின் மரணம் பசுமையாக இருந்த வேளையில் இயற்றியது. நெடுநேரம் அசைவற்ற ஒலிகளாகப் போய், இறுதியில், ஃபெல்ட்மன் தம் பதினைந்தாம் வயதில் புனைந்த ஓர் எளிய யூதச் சாயல் மெட்டை வயோலாவில் பாடவிட்டு முடிகிறது. ஆலயத்தை ஒரு கல்லறையாக அவர் கேட்டிருந்தால் இப்படி முடித்திருக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன். வெளியே, நீர்த்தடாகத்தில், பார்னெட் நியூமனின் 'உடைந்த தூபி' என்னும் சிற்பம் தலைகீழாக நிற்கிறது. மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவாக அதை ஹூஸ்டன் நகரசபைக்கு வழங்க டி மெனில் தம்பதியர் முன்வந்து, நகரசபை அந்த நினைவுச் சமர்ப்பணத்தை ஏற்க மறுத்ததனால், இங்கே கொண்டுவந்து நிறுவினார்கள். 1979ஆம் ஆண்டில் தலாய் லாமா இங்கே வந்தார். 1991ஆம் ஆண்டில் நெல்சன் மண்டேலா ரோத்கோ ஆலயத்தின் சிறப்பு விருதை இங்கே பெற்றார். பல சமயத்தாரும் இங்கே பிரார்த்தனை செய்கிறார்கள், திருமணங்களும் நடக்கின்றன. இருபத்தேழாண்டுச் சிறைவாசத்திலிருந்து வெளிவந்த மனிதரை வரவேற்று நிறுத்துவதற்கும், வாழ்வைத் தொடங்கும் இருவர் கைகோத்து நிற்பதற்கும் அந்த ஓவியங்கள் பொருந்துகின்றன என்று அங்கே வாழ்பவர்கள் கண்டிருக்கிறார்கள். தற்கொலைக் கடிதம் ஒன்றைச் சுவரெங்கும் ஒட்டிவைத்த அறையை எவரும் இதற்குத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபின்னும், ஓவியனின் முடிவை அறிந்து பார்ப்பதனால் நம் இரக்கம் ஆழமாகிறதே, அதில் என்ன தீங்கு என்று கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். தீங்கு இருக்கிறது. அந்த மரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே செல்பவர், கிழக்குச் சுவருக்கும் வடக்குச் சுவருக்கும் வேறுபாடு தேடுவதில்லை. மங்கலில் சிவப்பு எழும்வரை காத்திருப்பதில்லை. முடிவு முன்பே தெரிந்துவிட்டதனால் கண்ணுக்கு வேலை இல்லை. இரண்டு நிமிஷத்தில் ஒரு பெருமூச்சோடு வெளியே வந்துவிடுகிறார். மூன்றாண்டு உழைப்பும் முட்டைக் கலவையும் பாரசூட் துணியும் அங்குலம் அங்குலமாக நகர்ந்த விளிம்புகளும் அவரைப் பொறுத்தவரை இல்லாதவையே. ரோத்கோ என்ற மனிதருக்குக் காட்டவேண்டிய இரக்கத்தை அவருடைய வரலாற்றைப் படிக்கும்போது குறைவறக் காட்டலாம், அதற்குத் தடையில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலையில் பெரில் சூறாவளியின்போது கூரை வழியே நீர் இறங்கிச் சில ஓவியங்கள் பாதிக்கப்பட்டு, ஆலயத்தை மாதக்கணக்கில் மூடவேண்டியதாயிற்று. அப்போது அவற்றைச் செப்பனிட வந்தவர்கள் அவருடைய மரணத்தைப் பற்றி எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. எந்தப் பசை, எந்தப் பிசின், எந்த அடுக்கு, எந்த ஆண்டு என்பவையே அவர்களுக்கு வேண்டியிருந்த விவரங்கள். ஆலயத்தைப் பற்றி எழுதுபவர்களும் அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே என் கோரிக்கை. 1970ஆம் ஆண்டின் செய்தியை முதற் பத்தியிலிருந்து எடுத்து, காலவரிசைப்படி அது நிற்கவேண்டிய இடத்தில், ஓவியங்கள் முடிந்து மூன்றாண்டுக்குப் பிறகு, வைக்கட்டும்.